பிறந்த மண்ணும் பெற்றோரின் ஆவணமும்: முகாமில் பிறந்த இலங்கைத் தமிழர்களின் குடியுரிமை குறித்த சட்ட வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

அயல்நாட்டவரின் குழந்தை பிறந்த நாட்டின் குடியுரிமையைப் பிறப்பினாலேயே பெறுமா என்னும் வினா இன்று பல நாடுகளில் விவாதிக்கப்படுகிறது. தமிழ்ச் சமூகத்தைப் பொறுத்தவரை இவ்வினா புதியதன்று. இலங்கையில் 1948-ஆம் ஆண்டிலும் இந்தியாவில் 1987, 2004 ஆகிய ஆண்டுகளிலும் நடைமுறைக்கு வந்த சட்டங்கள், பிறந்த இடத்தைவிடப் பெற்றோரின் தகுதிக்கு முதன்மை அளித்தன. இரு நாடுகளின் சட்டங்களாலும் பாதிக்கப்பட்டவர்களில் மலையகத் தமிழ்க் குடும்பங்கள் குறிப்பிடத்தக்கவை. இச்சட்டங்களின் வளர்ச்சியையும் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தீர்ப்புகளையும் ஆராயும் இக்கட்டுரை, இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்னும் வரையறை முகாமில் பிறந்தவருக்குப் பொருந்தாது என்ற முடிவை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: பிறப்புவழிக் குடியுரிமை, மலையகத் தமிழர், நாடற்றோர், மறுவாழ்வு முகாம், சட்டவிரோதக் குடியேறி, மதுரைக் கிளை.

முன்னுரை

குடியுரிமையை வழங்குவதற்கு உலக நாடுகள் இருவகை நெறிகளைக் கையாள்கின்றன. பிறந்த மண்ணை அடிப்படையாகக் கொள்வது ஒன்று. பெற்றோரின் குடியுரிமையை அடிப்படையாகக் கொள்வது மற்றொன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1868-ஆம் ஆண்டின் 14-ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் வழி முதல் நெறியை ஏற்றன. சீனப் பெற்றோருக்குச் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வாங் கிம் ஆர்க் அமெரிக்கக் குடிமகனே என அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1898-இல் தீர்ப்பளித்தது. 2025 சனவரியில் வெளியான குடியரசுத் தலைவரின் நிர்வாக ஆணை இந்நெறியைச் சுருக்க முயன்றதால் விவாதம் மீண்டும் எழுந்துள்ளது. பிரித்தானியா 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, 1983 சனவரி 1 முதல் மண்வழி நெறியை வரையறைக்கு உட்படுத்தியது.

இவ்விவாதத்தின் தமிழ்ப் பக்கம் தமிழகத்தின் மறுவாழ்வு முகாம்களில் உள்ளது. நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 இலங்கைத் தமிழர்கள் வாழ்கின்றனர். மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய இடங்களில் இத்தகைய முகாம்கள் உள்ளன. இவற்றில் பிறந்து, தமிழகப் பள்ளிகளில் பயின்று, இலங்கையைக் கண்டறியாத ஒரு தலைமுறை இன்று நடுவயதை நெருங்குகிறது. அத்தலைமுறை எந்நாட்டின் குடிமக்கள் என்பதே இக்கட்டுரையின் வினா.

பிறப்புக்குச் சட்டம் தரும் பொருள்

பிறப்பு என்னும் நிகழ்வுக்குத் தன்னளவில் சட்டப்பொருள் கிடையாது. அப்பொருளை அளிப்பது அரசு. இதற்கு மதுரைச் சமவெளியின் வரலாற்றிலேயே சான்று உண்டு. சமணர் மலையின் அடிவாரத்தில் அமைந்த கீழக்குயில்குடியின் கள்ளர் சமூகத்தினர், 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டத்தின்கீழ் 1914-இல் கொண்டுவரப்பட்டனர். தனியொருவர் செய்த செயலைக் கொண்டன்றி, இன்ன குலத்தில் பிறந்தவர் என்பதைக் கொண்டே ஒருவரைக் காவல்துறைப் பதிவேட்டில் சேர்க்க அச்சட்டம் இடமளித்தது. சென்னை மாகாணத்தில் 1947-இல் அது நீக்கப்பட்டது.

குற்றப் பரம்பரைச் சட்டமும் குடியுரிமைச் சட்டமும் நோக்கத்தால் வேறானவை. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் ஒரு சட்டக்கூறு இரண்டுக்கும் பொதுவாக உள்ளது. ஒருவர் செய்யாத செயலின் விளைவை, அவர் பிறந்த குடும்பத்தைக் காரணமாகக் காட்டி அவர்மீது ஏற்றலாமா என்பதே அது. முகாமில் பிறந்தோரின் குடியுரிமைச் சிக்கலும் இவ்வினாவிலேயே வந்து நிற்கிறது.

இலங்கை: பாட்டனின் பிறப்பைக் கேட்ட சட்டம்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து மதுரை, திருச்சிராப்பள்ளி, இராமநாதபுரம், தஞ்சாவூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழர்கள் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். திருச்சிராப்பள்ளியில் இயங்கிய இலங்கைத் தொழிலாளர் ஆணையம் ஆள்சேர்ப்பை மேற்பார்வையிட்டது. மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புச் சோதனைக்குப் பின்னரே தொழிலாளர்கள் கடல் கடக்க அனுமதிக்கப்பட்டனர். அவர்களின் வழித்தோன்றல்களே மலையகத் தமிழர்கள்.

1947-இல் நடைபெற்ற இலங்கை நாடாளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களைப் பெற்றது. விடுதலைக்குப் பின் டி.எஸ். சேனநாயக்கா அரசு 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டத்தை இயற்றியது. அது 1948 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் குடிமகனாக, அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அதற்குப் பின் பிறந்தோருக்குத் தந்தை குடிமகனாக இருத்தல் வேண்டும். தோட்டத்து ‘லயம்’ வீடுகளில் வாழ்ந்தோரிடம் தந்தையின் பிறப்புச் சான்றே அரிதாக இருந்த நிலையில், பாட்டனின் சான்றுக்கு வழியில்லை. மண்ணில் பிறந்தது உண்மையாயினும் அதனை மெய்ப்பிக்கும் ஆவணம் இல்லாததால் பெரும்பான்மையோர் நாடற்றோராயினர்.

1949-ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், குறிப்பிட்ட ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்ததை மெய்ப்பிப்போருக்குப் பதிவுவழியைத் திறந்தது. 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன, ஏறத்தாழ 1.34 லட்சம் பேருக்கே குடியுரிமை கிடைத்தது. சிறுபான்மையினருக்கு எதிரான சட்டங்களைத் தடைசெய்த சோல்பரி அரசமைப்பின் 29-ஆம் பிரிவைக் காட்டித் தொடுக்கப்பட்ட வழக்கு, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. ‘கோடாகன் பிள்ளை எதிர் முதநாயக்க’ எனப்படும் அவ்வழக்கில் 1953-இல் வந்த தீர்ப்பு சட்டத்தையே உறுதி செய்தது. குடியுரிமையை வரையறுப்பது இறையாண்மை கொண்ட அரசின் அதிகாரம் என்னும் கருத்து அதில் வலுப்பெற்றது.

குழந்தைகளைக் கணக்கிட்ட ஒப்பந்தம்

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றோர் தொகையை 9,75,000 என மதிப்பிட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் 15 ஆண்டுகளில் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்வதென 1974-இல் உடன்பாடு ஏற்பட்டது. மலையகத் தலைவர்கள் இப்பேச்சில் பங்குபெறவில்லை. சௌமியமூர்த்தி தொண்டமான் இவ்வொப்பந்தத்தை எதிர்த்தார்.

குடியுரிமை வரலாற்றில் இவ்வொப்பந்தத்தின் ஒரு சொற்றொடர் தனிக் கவனத்துக்கு உரியது. இவ்வெண்ணிக்கைகள் ‘இயற்கைப் பெருக்கத்தோடு சேர்த்து’ கொள்ளத்தக்கவை என அது கூறுகிறது. அதாவது, இனிப் பிறக்கவிருக்கும் குழந்தைகளும் முன்கூட்டியே இரு நாடுகளுக்கிடையே 7-க்கு 4 என்னும் விகிதத்தில் பங்கிடப்பட்டனர். குழந்தை எங்குப் பிறந்தது என்பது இக்கணக்கில் இடம்பெறவேயில்லை.

ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமை பெற்றும் நாடு திரும்பாதிருந்தோர், விண்ணப்பித்துக் காத்திருந்தோர், விண்ணப்பிக்காதோர் எனப் பலர் இலங்கையிலேயே தங்கினர். 1983 சூலை வன்முறையும், 1984-இல் இராமேசுவரம்–தலைமன்னார் கப்பல் சேவை நின்றதும் தாயகம் திரும்பும் முறையான வழியை அடைத்தன. தோட்டங்களிலிருந்து வன்னிப் பகுதிக்கு முன்னரே இடம்பெயர்ந்திருந்த மலையகக் குடும்பங்கள் பல, வடகிழக்குத் தமிழரோடு படகேறித் தமிழகக் கரையை அடைந்தன. 1983 முதல் 1987 வரை வந்தோர் 1.34 லட்சம் பேர் என்பது அரசுக் கணக்கு. பயண ஆவணத்தோடு ‘தாயகம் திரும்பியோர்’ என வரவேண்டிய குடும்பம், ஆவணமின்றி ‘அகதி’ என வந்தது. பாட்டன் கடல் கடந்து சென்ற அதே மண்டபத்தில் பேரன் அகதியாகப் பிறந்தான்.

இந்தியா: மண்ணிலிருந்து பெற்றோருக்கு

இந்திய அரசமைப்பு அவை தொடக்கத்தில் மண்வழி நெறியையே சார்ந்திருந்தது. 1947 ஏப்ரலில் வல்லபாய் பட்டேல் முன்வைத்த அடிப்படை உரிமைகள் குறித்த இடைக்கால அறிக்கை, ஒன்றியத்தில் பிறந்து அதன் அதிகார எல்லைக்கு உட்பட்ட ஒவ்வொருவரும் குடிமகன் எனக் கூறியது. இது அமெரிக்கத் திருத்தத்தின் சொல்லமைப்பை ஒத்தது. குறுகிய இனவழிப் பார்வை வேண்டாம் என்பது பட்டேலின் நிலைப்பாடு. 1949 ஆகஸ்டில் நடந்த விவாதத்தில் பி.எஸ். தேஷ்முக் இதனைக் கடுமையாக எதிர்த்தார். பம்பாய்த் துறைமுகம் வழியே செல்லும் அயல்நாட்டுப் பெண்ணுக்கு அங்கே பிறக்கும் குழந்தையும் இந்தியக் குடிமகனாகிவிடும் என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டு. நிலையான சட்டத்தை நாடாளுமன்றம் பின்னர் இயற்றும் என அம்பேத்கர் விளக்கினார்.

1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் 3-ஆம் பிரிவில் மண்வழி நெறியைத் தெளிவாக ஏற்றது. 1950 சனவரி 26 அன்றும் அதன் பின்னும் இந்தியாவில் பிறந்த ஒவ்வொருவரும், தூதரகப் பணியாளரின் குழந்தை முதலிய சில விலக்குகள் நீங்கலாக, குடிமக்கள். பெற்றோர் யாவர் என அது வினவவில்லை.

அசாம் உடன்படிக்கைக்கு அடுத்த ஆண்டில், அதாவது 1986-இல், இச்சட்டம் திருத்தப்பட்டது. வங்காளதேசத்திலிருந்து வந்த குடியேற்றமே முதன்மைக் காரணமாயினும், சட்டமுன்வரைவின் நோக்க விளக்கம் இலங்கையையும் சுட்டியது. 1987 சூலை 1 முதல், பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருந்தாலன்றிக் குழந்தை குடியுரிமை பெறாது என்றாயிற்று. 2003-இல் நிறைவேறி 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் மேலும் இறுக்கியது. பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். சட்டவிரோதக் குடியேறிக்குப் பதிவுவழி (5-ஆம் பிரிவு), இயல்புரிமைவழி (6-ஆம் பிரிவு) ஆகிய இரு கதவுகளும் இத்திருத்தத்தால் அடைக்கப்பட்டன.

முகாமில் மூவகைப் பிறப்பு

இத்தேதிகளின் விளைவை ஒரு குடும்பத்தில் பொருத்திக் காண்பது தெளிவு தரும். இலங்கையிலிருந்து வந்த ஒரு தாய்க்கு ஒரே முகாமில் 1986-இலும் 1990-இலும் இரு பெண்கள் பிறந்தனர் எனக் கொள்வோம். மூத்தவள் பிறப்பினாலேயே இந்தியக் குடிமகள். பெற்றோர் இருவரும் அயல்நாட்டவராயின் இளையவள் குடிமகள் அல்லள். இருவரையும் பிரிப்பது நான்காண்டு இடைவெளி மட்டுமே. மண்ணும் தாயும் பள்ளியும் ஒன்றே.

மூத்தவள் அதே முகாமைச் சேர்ந்த ஒருவரை மணந்து, 2006-இல் குழந்தை பெறுவதாகக் கொண்டால் சிக்கல் மேலும் ஆழமாகிறது. தாய் இந்தியக் குடிமகளே. ஆயினும் தந்தை சட்டவிரோதக் குடியேறி எனக் கொள்ளப்பட்டால் அக்குழந்தை குடியுரிமை பெறாது. தமிழக ஆண்களையோ பெண்களையோ மணந்த முகாம்வாசிகளின் குழந்தைகளுக்கும் இதே நிலை. ஆகவே, சட்டவிரோதக் குடியேறி யார் என்னும் வரையறை மூன்றாம் தலைமுறையின் தலைவிதியையும் தீர்மானிக்கிறது.

முகாமில் பிறந்தோர் அனைவரும் நாடற்றோர் எனக் கூறுவதும் பிழையாகும். பெற்றோர் இலங்கைக் குடிமக்களாயின், சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவுசெய்து மரபுவழிக் குடியுரிமை பெறலாம். நாடு திரும்ப விழையும் வடகிழக்குத் தமிழருக்கு இந்தியக் குடியுரிமை தேவையற்றதாகவும் தோன்றலாம். மலையக மரபினர் நிலை வேறு. அவர்களுள் பலர் இலங்கையை நீங்கியபோதே நாடற்றோர். இலங்கையின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை அளித்தபோது இலங்கையில் தொடர்ந்து வாழ்வதை நிபந்தனையாக்கியது. 2009-ஆம் ஆண்டுத் திருத்தமே இந்தியாவில் ஏதிலியராக வாழ்வோரையும் கருத்தில் கொண்டது. உரிமை ஏட்டில் வந்துசேர்ந்தபோது பலர் முகாம்களில் கால் நூற்றாண்டைக் கழித்திருந்தனர்.

மதுரைக் கிளையின் தீர்ப்புகள்

2004-இல் தொடங்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் எல்லைக்குள் மண்டபம், கொட்டப்பட்டு உள்ளிட்ட முகாம்கள் அமைந்துள்ளன. அதனால் இச்சிக்கலின் முதன்மையான சட்டக் களமாக அக்கிளை விளங்குகிறது. மூன்று வழக்குகள் இங்குக் கருதத்தக்கவை.

முதலாவது, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த 65 முகாம்வாசிகள் தொடுத்த வழக்கு. 2019 சூன் 17 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இதில் தீர்ப்பளித்தார். மனுதாரர்கள் சட்டச் சொற்படி சட்டவிரோதக் குடியேறிகள் என்னும் வகைக்குள் வரினும், அவர்களுடைய முன்னோர் இங்கிருந்து சென்றவர்கள் என்பதையும் முகாம் வாழ்வின் நீட்சியையும் கருதி விதியைத் தளர்த்த மைய அரசுக்கு அதிகாரம் உண்டு என்பது தீர்ப்பின் சாரம். புதிய விண்ணப்பங்களை மாவட்ட ஆட்சியர்கள் தாமதமின்றி அனுப்பவும், மைய அரசு 16 வாரங்களில் முடிவெடுக்கவும் நீதிமன்றம் பணித்தது.

இரண்டாவது, மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்ட வழக்கு. பெற்றோர் இலங்கையர் என்பதே மறுப்பின் காரணம். 1987 சூலைக்கு முன் பிறந்தோரிடம் பெற்றோரின் குடியுரிமையைச் சட்டம் கேட்பதில்லை என 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் எடுத்துக்காட்டிக் கடவுச்சீட்டு வழங்க ஆணையிட்டது. சட்டம் தானாகவே அளித்த உரிமையை அலுவலகம் ஏற்பதற்கு 36 ஆண்டுகளும் ஒரு நீதிமன்ற ஆணையும் தேவைப்பட்டன.

மூன்றாவது, திருச்சிராப்பள்ளியில் 1993-இல் பிறந்த மற்றொரு பெண்ணின் வழக்கு. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், வங்காளதேசம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் குறிப்பிட்ட சமயச் சிறுபான்மையினருக்கு விலக்களித்தது. இலங்கை அதில் இல்லை. அச்சட்டத்தின் கோட்பாடு இலங்கையின் இந்துத் தமிழருக்கும் பொருந்தத்தக்கது என 2022 அக்டோபரில் நீதிமன்றம் கருத்துரைத்து, விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வழிசெய்தது.

மூன்றனுள் இரண்டாவது தீர்ப்பே குடியுரிமையை உரிமை என்ற நிலையில் கையாள்கிறது. முதலாவதும் மூன்றாவதும் அரசின் பரிவை நாடுகின்றன. சட்டவிரோதக் குடியேறி என்னும் சொல் முகாமில் பிறந்தவருக்குப் பொருந்துகிறதா என்னும் வினாவைத் தீர்க்காதவரை, பரிவைத் தாண்டிச் செல்ல இயலாது.

‘நுழைந்தவர்’ என்னும் சொல்

குடியுரிமைச் சட்டத்தின் 2(1)(ஆ) பிரிவு சட்டவிரோதக் குடியேறியை இவ்வாறு வரையறுக்கிறது: செல்லத்தக்க கடவுச்சீட்டோ பயண ஆவணமோ இன்றி இந்தியாவுக்குள் நுழைந்த அயல்நாட்டவர்; அல்லது முறையான ஆவணத்தோடு நுழைந்து, அனுமதிக்கப்பட்ட காலத்துக்கு மேல் தங்கியவர். இரு கூறுகளுக்கும் பொதுவான வினை ‘நுழைதல்’. மண்டபத்திலோ கொட்டப்பட்டிலோ பிறந்த குழந்தை எந்த எல்லையையும் கடக்கவில்லை. நுழையாத ஒருவரை நுழைந்தவராகக் கொள்ளச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. 2004-ஆம் ஆண்டுத் திருத்தமும் பெற்றோரின் தகுதியைக் கொண்டு குழந்தைக்குப் பிறப்புவழிக் குடியுரிமையை மறுக்கிறதே தவிர, குழந்தையைச் சட்டவிரோதக் குடியேறி எனக் கூறவில்லை.

இவ்வாசிப்பின் பயன்கள் இரண்டு. முதலாவதாக, 1987 சூலைக்குப் பின் முகாமில் பிறந்தவருக்கு 5, 6-ஆம் பிரிவுகள் மூடப்பட்டிருப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை. இவற்றுள் 5-ஆம் பிரிவில் ஓர் இடர் உண்டு. இந்திய வம்சாவளியினராக விண்ணப்பிப்பவர், தாமோ பெற்றோரில் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்ததைக் காட்ட வேண்டும். அரசமைப்பின் 8-ஆம் உறுப்பு பாட்டன், பாட்டி வரை கணக்கில் கொண்டது. இப்பிரிவு பெற்றோரோடு நின்றுவிடுகிறது. மதுரைச் சீமையில் பிறந்த பாட்டன், நுவரெலியாவில் பிறந்த தந்தை, முகாமில் பிறந்த மகன் என்னும் வரிசையில் மகனால் இச்சான்றைக் காட்ட இயலாது. 1948-இல் இலங்கை பூட்டன் வரை சான்று கேட்டதால் தவறிய குடும்பம், இங்குப் பாட்டனைக் கணக்கில் கொள்ளாததால் மீண்டும் தவறுகிறது. ஆனால் 6-ஆம் பிரிவின் இயல்புரிமைவழி வம்சாவளிச் சான்றைக் கேட்பதில்லை. 12 ஆண்டு வசிப்பும், நன்னடத்தையும், அரசமைப்பின் 8-ஆவது அட்டவணை மொழிகளுள் ஒன்றில் போதிய அறிவும் அதன் முதன்மைத் தகுதிகள். தமிழ் அவ்வட்டவணையில் உள்ள மொழி.

இரண்டாவதாக, தாய் இந்தியக் குடிமகளாகவும் தந்தை முகாமில் பிறந்தவராகவும் உள்ள குழந்தை, 2004-க்குப் பின் பிறந்திருப்பினும் பிறப்பினாலேயே குடியுரிமை பெறும். தந்தை குடிமகன் அல்லர். ஆனால் சட்டவிரோதக் குடியேறியும் அல்லர் என்பதே காரணம்.

இதற்கு மறுப்பும் எழலாம். மண்வழி நெறியைக் கைவிட்ட நாடாளுமன்றத்தின் நோக்கத்தையே இவ்வாசிப்பு குலைக்கும் என்பது அது. ஆனால் பிறப்புவழிக் குடியுரிமை இங்குக் கோரப்படவில்லை. இயல்புரிமைவழியில் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஆராய்ந்து ஏற்கவோ மறுக்கவோ அரசுக்குள்ள அதிகாரம் குன்றாமல் நிற்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம், அயல்நாட்டவர் சட்டத்தின்கீழ் வெளியான ஆணை, 2015 சனவரி 9 வரை வந்து பதிவுபெற்ற இலங்கைத் தமிழரைத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கியுள்ளது. நுழைந்த பெற்றோரையே தண்டிக்கத் தேவையில்லை என அரசு கருதும்போது, நுழையாத பிள்ளையை அதே காரணத்தால் விண்ணப்பிக்கவும் விடாதிருத்தல் பொருந்தாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன.

இலங்கையின் 1948-ஆம் ஆண்டுச் சட்டமும் இந்தியாவின் 1987, 2004-ஆம் ஆண்டுத் திருத்தங்களும் வெவ்வேறு அரசியல் காரணங்களால் எழுந்தவை. எனினும் இரண்டும் பிறந்த மண்ணை விலக்கிப் பெற்றோரின் ஆவணத்தை முன்னிறுத்தின. ஆவணம் வைத்திருக்க வாய்ப்பில்லாத தோட்டத் தொழிலாளர் மரபே இரு கரைகளிலும் இதனால் இழப்புற்றது.

1987 சூலை 1-க்கு முன் முகாமில் பிறந்தோர் எவருடைய பரிவுமின்றி இந்தியக் குடிமக்கள். அவர்களை இனங்கண்டு சான்றளிப்பது ஒவ்வொருவரும் தனித்தனியே வழக்குத் தொடுத்துப் பெறவேண்டிய ஒன்றாக இருத்தல் கூடாது. பிறப்புப் பதிவேடுகளும் முகாம்ப் பதிவேடுகளும் மாவட்ட நிர்வாகத்திடமே உள்ளன.

அதன் பின் பிறந்தோருக்குத் தடையாக நிற்பது, சட்டத்தின் சொல் அன்று. அச்சொல்லைப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கும் நீட்டும் நிர்வாக வாசிப்பே. தமிழக அரசு 2021-இல் அகதிகள் முகாம்களை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றியது. பெயர் மாறிய முகாமில் பிறந்தவரின் சட்டத் தகுதி மாற, புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ‘நுழைந்த’ என்னும் சொல்லை அது தாங்கும் பொருளில் கொள்வதே போதும்.